செசிலி சுகம்

சேசு மரி சூசை

ஜொகூர் பாரு,
14 பிப்ரவரி 1929

அன்புள்ள சந்தியாகு அண்ணனுக்கு,

தங்கை அமலோற்பவம் எழுதிக்கொண்டது. எனக்குச் சரீர சுகம் உண்டு. உங்களுக்கும் அண்ணிக்கும் தேவன் சுகம் தரும்படி வேண்டிக்கொள்கிறேன்.

என் மகள் செசிலி இந்த மாதம் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தொண்டை அடைப்புக் காய்ச்சலில் சம்மனசாகிவிட்டாள். மூன்று வயதும் ஏழு மாதமும். மறுநாள் காலையில் அடக்கம். ஞானஸ்நானம் பெற்ற சிறு பிள்ளை என்பதால் துக்க மணி அடிக்கவில்லை, திருநாள் மணியைத்தான் அடித்தார்கள். சாமியார் வெள்ளை உடுப்பில் பூசை வைத்தார். நேரே மோட்சத்துக்குப் போன பிள்ளைக்காக அழக்கூடாது என்று சொன்னார். நான் அழவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் தகப்பனை வைத்த கோத்தா திங்கிக்குக் கொண்டுபோக முடியவில்லை. இங்கேயே மேட்டுக் கல்லறையில் வைத்தோம்.

படக்கொட்டகையில் மூன்று நாள் விடுப்புக் கொடுத்தார்கள். இன்று முதல் பியானோ வாசிக்கப் போக வேண்டும். வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
அமலோற்பவம்


சேசு மரி சூசை

காரைக்கால்,
20 பிப்ரவரி 1929

அடி அமலு, என் கண்ணே,

இங்கே யாவரும் நலம். நீயும் என் தங்கக்கட்டி செசிலியும் எப்படி இருக்கிறீர்கள்? உன்னிடமிருந்து காகிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கடல் தாண்டினால் கை முடங்கிவிடுமா?

ஒரு சேதி சொல்கிறேன், கூரைமேல் ஏறிக் கூவாதே. உன் அண்ணிக்கு நாலாம் மாதம் நடக்கிறது. முந்தின இரண்டும் தங்காமல் போனதால் இதை வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. பிரெஞ்சு டாக்டர் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்றுவிட்டார். மகாராணி மாதிரி படுத்துக்கொண்டு உன் அண்ணனை விரட்டுகிறேன். அவர் வைக்கிற ரசத்தை நீ குடித்துப் பார்க்க வேண்டும், வேதசாட்சிப் பட்டமே கிடைக்கும். கோயில் ஆர்மோனியத்தை இப்போது வேறொருத்தி மிதிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.

பையன் பிறந்தால் செசிலிக்குத்தான். பெண் நாலு வயது மூத்தவள் என்று ஊர் சிரிக்கட்டும். அவளே மாப்பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்துக் கட்டிக்கொள்வாள். நெருங்கிய உறவு என்பதற்குச் சாமியாரிடம் விலக்குக் கேட்பது என் பொறுப்பு. அவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் நான். எனக்கு அந்த உரிமை இல்லையா?

அவள் செய்கிற சேட்டைகளை ஒன்று விடாமல் எழுது. படுக்கையில் எனக்கு வேறு என்ன வேலை?

முத்தங்களுடன்,
அண்ணி மதலேன்


சேசு மரி சூசை

காரைக்கால்,
9 மார்ச் 1929

அன்புத் தங்கச்சி அமலோற்பவத்துக்கு,

உன் கடிதம் வந்தது. விளிம்பில் கறுப்பு மை இருந்ததால் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் துறைமுகக் கச்சேரியில் என் கையில் கொடுத்தார். படித்தேன். கடற்கரையில் நின்று கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஏன் தலை ஈரம் என்று உன் அண்ணி கேட்டாள். வெயில் என்றேன்.

உனக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தங்கச்சி. அந்தக் குழந்தையை இந்தத் தோளில் போட்டு நடந்தவன் நான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்க வாயில்லை, ஆனாலும் கேட்கிறேன். பிள்ளைத்தாய்ச்சியிடம் சாவுச் சேதி சொல்லலாகாது என்பது நம் வழக்கம். அதற்கும் மேலே, ஒரு சின்ன அதிர்ச்சி பட்டாலும் இதுவும் போய்விடும், தாயும் போய்விடுவாள் என்று டாக்டர் சொல்கிறார். உன் அண்ணிக்குச் செசிலி என்றால் உயிர் என்பது உனக்குத் தெரியும். தினமும் அவள் பேச்சுத்தான். ஆகையால் பிரசவம் ஆகும்வரை, ஆவணி வரை, நீ எழுதுகிற கடிதங்களில் செசிலி சுகம் என்று எழுது. அதற்கப்புறம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இதைக் கேட்டதற்காக என்னை மன்னித்துவிடு.

உன் அண்ணன்
சந்தியாகு


சேசு மரி சூசை

ஜொகூர் பாரு,
3 ஏப்ரல் 1929

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். சந்தோஷம். கட்டிலை விட்டு இறங்காதீர்கள். நான் சுகம். செசிலி சுகம்.

என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். கொட்டகையில் வாரத்துக்கு ஆறு நாள் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டமும் உண்டு. படம் வாய் பேசாது அல்லவா, திரைக்குக் கீழே உட்கார்ந்து நான்தான் பேச வைக்க வேண்டும். துரத்தினால் வேகம், முத்தமிட்டால் மெதுவு. புதுப் படம் வந்தால் ஒரு தடவைகூட முன்னால் பார்க்க முடிவதில்லை. தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்துக்கொண்டே கையை ஓட்டுவேன். சனங்கள் அழுகைக் காட்சியில் நன்றாக அழுகிறார்கள். டிக்கெட் பார்க்கிற யஹ்யா ராவுத்தர், "நீங்க வாசிச்சாத்தான்மா பொம்பளைங்க கூட்டம் வருது" என்கிறார். அந்த நேரத்தில் அடுத்த காட்சிக்கு எதை வாசிப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

காலையில் இரண்டு வெள்ளைக்கார வீடுகளுக்கும் ஒரு மலாய் அதிகாரி வீட்டுக்கும் போய்ப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டில் பியானோ இல்லை. எனக்கு ஏதாவது தோன்றினால் சாப்பாட்டு மேசையில் விரலை வைத்து வாசித்துப் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்வேன். மடத்தில் படித்தபோது இப்படிச் செய்தால் சிஸ்டர் அடிப்பார். இங்கே அடிக்க யாரும் இல்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
அமலோற்பவம்


சேசு மரி சூசை

காரைக்கால்,
29 ஏப்ரல் 1929

அமலு,

நலம் விசாரிக்கிற பேச்செல்லாம் அப்புறம். முதலில் சண்டை.

"செசிலி சுகம்." இரண்டே வார்த்தை! தந்தியா அடிக்கிறாய்? சொல்லுக்கு இவ்வளவு என்று தபாலில் காசு கேட்கிறார்களா? ராவுத்தர் சொன்னதை எழுதத் தெரிகிறது, முத்தமிட்டால் மெதுவாம், வெட்கம் கெட்டவளே, அதை எழுதத் தெரிகிறது. என் மருமகள் என்ன சாப்பிடுகிறாள், என்ன பேசுகிறாள், எவ்வளவு உயரம், ஒன்றும் இல்லை. பெற்றவளுக்குப் பிள்ளை தினமும் கண்ணில் பட்டால் சலித்துத்தான் போகும். எனக்கு அப்படியா?

மோட்டு வளையைப் பார்த்தே நாள் போகிறது அமலு. உண்மையைச் சொன்னால் பயமாகவும் இருக்கிறது. அடிவயிறு கொஞ்சம் இழுத்தாலும் ஜெபமாலையைத் தேடுகிறேன். அப்போதெல்லாம் செசிலி ஓடி வருவதாக நினைத்துக்கொள்வேன். அவள் ஒருத்தி பிழைத்து நின்று ஓடுகிறாள் என்றால் இதுவும் நிற்கும் என்று ஒரு தைரியம். பைத்தியக்காரத்தனம்தான். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

ஒரு நூலை எடுத்து அவள் தோளிலிருந்து கணுக்கால் வரை அளந்து, முடிச்சுப் போட்டு அனுப்பு. படுத்தபடியே பாவாடை தைக்கப் போகிறேன். அவளுக்கென்று நீ ஒரு பாட்டாவது கட்டினாயா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறாய்.

கோபம் ஆறாத
அண்ணி மதலேன்


சேசு மரி சூசை

ஜொகூர் பாரு,
28 மே 1929

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நீங்கள் கோபித்தது நியாயம். இதோ எழுதுகிறேன். உங்கள் வயிற்றுப் பிள்ளையும் கேட்கட்டும்.

செசிலி வளர்ந்துவிட்டாள். முன்போல் பிடித்து ஏறாமல் இப்போது தானாகவே நாற்காலியில் உட்காருகிறாள். சோற்றில் ரசம் ஊற்றினால் சாப்பிடுவாள், குழம்பு ஊற்றினால் தட்டைத் தள்ளுவாள். அவளைப் பார்த்துக்கொள்ளும் ராசம்மா உலு திராம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அவளிடமிருந்து பாதி மலாயும் பாதி தோட்டத்துத் தமிழும் கற்றுக்கொண்டிருக்கிறாள். "அலமாக், மழ வருதுலா" என்று தலையில் கை வைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் கொட்டகை திறப்பதற்கு முன் கூட்டிக்கொண்டு போனேன். பியானோ மூடியைத் தூக்கினேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "அம்மா, இதுக்கு இவ்வளவு சொத்தப் பல்லா?" என்று கேட்டாள். கறுப்புக் கட்டைகளைச் சொல்கிறாள். ராவுத்தர் உட்கார்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் ராசம்மாவிடம், "அம்மா பல்லு வலிக்கிற பொட்டியத் தடவிக் குடுக்குது, அது அழுது" என்று விளக்கம் சொன்னாள்.

பாட்டுக் கட்டினேனா என்று கேட்டீர்கள். ஒன்று கட்டியிருக்கிறேன். பியானோவுக்கு மட்டும், வார்த்தை கிடையாது. சிங்கப்பூரில் ஒரு சங்கீதக் கடைக்காரர் அதை அச்சுப் போடுகிறேன் என்று மார்ச் மாதமே வாங்கிக்கொண்டு போனார். தலைப்பில் அவள் பெயர்தான் போட்டிருக்கிறேன்.

நூல் உள்ளே வைத்திருக்கிறேன். முடிச்சு இருக்கும் இடம் கணுக்கால்.

பணிவுடன்,
அமலோற்பவம்


சேசு மரி சூசை

காரைக்கால்,
18 ஜூன் 1929

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே சுகம். ஏழாம் மாதம் தாண்டிவிட்டது. டாக்டருக்கு நம்பிக்கை வந்திருக்கிறது.

உன் கடிதத்தை உன் அண்ணிக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். சொத்தைப் பல் வந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் எனக்கே பயம் வந்துவிட்டது, வயிறு குலுங்கக் கூடாதே என்று. மறுபடி வாசி, மறுபடி வாசி என்று நாலு தரம். நாலாம் தரம் வாசிக்கும்போது எனக்கும் எல்லாம் மறந்துவிட்டது, தங்கச்சி. செசிலிக்கு ஒரு பொம்மை வாங்கி அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிணற்றடிக்குப் போனேன். அங்கே போனதும்தான் ஞாபகம் வந்தது.

நீ எப்படித்தான் எழுதுகிறாயோ. இன்னும் ஒன்றரை மாதம். கைவிட்டுவிடாதே.

உன் அண்ணன்
சந்தியாகு


சேசு மரி சூசை

ஜொகூர் பாரு,
12 ஜூலை 1929

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் சேர்ந்தது. சுகமாயிருக்கிறேன்.

எப்படி எழுதுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். கஷ்டம் ஒன்றும் இல்லை. சொத்தைப் பல் விஷயம் நிஜமாகவே போன வருஷம் நடந்தது. மற்றதெல்லாம் நான் சேர்த்தது. நாற்காலியில் உட்காருகிறாள் என்று எழுதும்போது உட்காருகிறாள். கடிதத்தை ஒட்டிய பிறகு நாற்காலியைப் பார்த்தால் நாற்காலிதான் இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பயப்படாதீர்கள்.

அளவு நூலுக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. பிப்ரவரியில் இருந்த உயரத்தை அனுப்பினால் மே மாதத்துக்குக் குட்டையாகத் தெரியும், அண்ணி கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு மெய்யப்பனின் மகள் சொர்ணத்துக்கு நாலு வயது ஆகப்போகிறது. அவளை வாசலில் நிற்க வைத்து அளந்தேன். ஏன் என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. உள்ளே இருந்து அவள் தாய் நாச்சாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போன சனிக்கிழமை சிங்கப்பூரில் ஒரு மண்டபத்தில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். அச்சுக்குப் போயிருக்கிற அந்தப் பாட்டையும் வாசித்தேன். தமிழ்ப் பெண் ஒருத்தி தானே கட்டிய சங்கீதத்தைப் பியானோவில் வாசித்ததை இதுவரை கேட்டதில்லை என்று ஒரு வெள்ளைக்காரர் மேடையேறிச் சொன்னார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மூன்று தடவை கும்பிட்டேன். பன்னிரண்டு வயதில் மடத்துப் பியானோவைத் தொட்ட நாளிலிருந்து இதற்குத்தான் ஆசைப்பட்டேன். வந்தபோது, புதுச் செருப்புக் கடிக்கிறது என்பதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. திரும்பி வரும் ரயிலில் பாலத்தைத் தாண்டும்போது தூங்கிவிட்டேன்.

பேசும் படம் வரப்போகிறது என்று கொட்டகை முதலாளி தவுக்கே சொல்கிறார். வந்தால் எனக்கு வேலை இருக்காது. பார்ப்போம்.

அண்ணியைக் கவனித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து எழுதுகிறேன்.

உங்கள் தங்கை
அமலோற்பவம்


சேசு மரி சூசை
மாதாவே, உமக்குத் தோத்திரம்!

காரைக்கால்,
19 ஆகஸ்டு 1929

அமலூ!

பையன்! மூன்றாம் தேதி காலை கோயில் மணியடிக்கும்போது பிறந்தான். கத்துகிற கத்தலில் துறைமுகத்துக்குக் கேட்கும். கறுப்பு என்று உன் அண்ணன் சொன்னார், அவர் நிறம் என்ன மல்லிகைப் பூவா? லாசர் என்று ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. முந்தின இரண்டும் போன வயிற்றிலிருந்து எழுந்து வந்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

நான் நன்றாக இருக்கிறேன். எழுந்து நடக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், இந்தப் பிள்ளையை எனக்குத் தங்க வைத்தது பாதி மாதா, பாதி உன் காகிதங்கள். ஜூலையில் வந்தது, ஆகஸ்டு முதல் தேதி வந்தது, எல்லாம் தலையணைக்கடியில் இருக்கின்றன. வலி எடுத்தபோதும் அவற்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாவாடை பார்சலில் வருகிறது. நூல் அளவுக்கு ஒரு விரல்கடை கூடுதலாகவே தைத்திருக்கிறேன், வளர்கிற பிள்ளை. போட்டுப் பார்த்து உடனே எழுது.

நெஞ்சு நிறைந்த
அண்ணி மதலேன்

(இதே உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு.)

தங்கச்சி, கர்த்தர் கிருபையால் எல்லாம் முடிந்தது. ஆனால் இப்போதே சொன்னால் பால் வற்றிவிடும் என்று மருத்துவச்சி சொல்கிறாள். கிறிஸ்துமஸ் வரை பொறுத்துக்கொள். பிறகு நிச்சயம் சொல்லிவிடுகிறேன். சந்தியாகு.


சேசு மரி சூசை

ஜொகூர் பாரு,
10 செப்டம்பர் 1929

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

லாசர் பிறந்ததில் மிகுந்த சந்தோஷம். தாயும் பிள்ளையும் நீடூழி வாழ வேண்டும்.

நான் சுகம். செசிலி சுகம். பாவாடை அவளுக்குச் சரியாக இருக்கிறது.

பணிவுடன்,
அமலோற்பவம்


சேசு மரி சூசை

காரைக்கால்,
1 அக்டோபர் 1929

அமலு,

வெள்ளிக்கிழமை சிங்கப்பூர்க் கடையிலிருந்து ஒரு தபால் என் பெயருக்கு வந்தது. உன் பாட்டு, அச்சில். சந்தோஷத்தில் லாசரை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் பிரித்தேன். அட்டையில் உன் பெயர், பெரிதாகச் செசிலியின் பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்தாயா? பிரெஞ்சு படித்தவளுக்கு "நினைவாக" என்கிற சொல் எந்த வெள்ளைக்காரன் எழுதினாலும் தெரியும். பக்கத்தில் பிறந்த தேதி. அந்தத் தேதியில் அவளைக் கையில் வாங்கியவளே நான்தான். பிறகு ஒரு கோடு. பிறகு இன்னொரு தேதி.

உன் அண்ணன் கச்சேரியிலிருந்து வந்ததும் அட்டையைக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டார். எல்லாம் சொன்னார். இரண்டு நாள் அவருக்கு உலை வைக்கவில்லை. பேசவும் இல்லை. எனக்காகத்தான் செய்தார், தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை.

ஆனால் உன்னை என்ன செய்வது? ஏழு மாதம்! நான் ஒரு முட்டாள், தந்தியா அடிக்கிறாய் என்று உன்னிடம் சண்டை போட்டேன். நூல் கேட்டேன். இல்லாத பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு விரல்கடை வைத்துத் தைத்தேன். நீ அதைச் சரியாக இருக்கிறது என்று எழுதினாய். எழுதும்போது உன் கை நடுங்கவில்லையா? எழுத்தைப் பார்த்தேன், ஒரு கோடுகூடக் கோணலாக இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நான் அழுது தீர்த்துவிட்டேன். பால் வற்றவில்லை. வற்றினாலும் போகட்டும், இந்த ஊரில் ஆட்டுக்குப் பஞ்சமில்லை. இனிமேல் என்னைக் காப்பாற்ற யாரும் வர வேண்டாம்.

எனக்கு உன் கையால் எழுது. காய்ச்சல் என்று வந்தது? யார் கூட இருந்தார்கள்? யார் குளிப்பாட்டினார்கள்? என்ன உடுத்தினாய்? உன் அண்ணனுக்குப் பத்து வரி எழுதினாயாமே, அதை அவர் கிழித்துக் கடலில் போட்டுவிட்டார். எனக்கு ஒரு கடிதம் வேண்டும். நான் கிழிக்க மாட்டேன்.

உன் அண்ணி


சேசு மரி சூசை

ஜொகூர் பாரு,
21 அக்டோபர் 1929

அண்ணி,

நீங்களும் லாசரும் அண்ணனும் சுகமாயிருக்க வேண்டும். அண்ணனோடு பேசுங்கள். அவர் கேட்டார், நான் ஒத்துக்கொண்டேன்.

இந்தியாவில் யாருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று கடைக்காரர் கேட்டபோது உங்கள் விலாசத்தைக் கொடுத்தேன். அது ஜூன் மாதம். அண்ணனுடைய கடிதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மறந்துபோய்க் கொடுத்தேனா, தெரிந்தே கொடுத்தேனா, எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டுத் தொண்டையில் சளி என்று மருந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். தேறிவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டரை மணி ஆட்டத்துக்கு என்னை விட்டால் வாசிக்க ஆள் கிடையாது. ராசம்மாவை உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

சிரிப்புப் படம். தடியன் ஒருவன் குளத்தில் விழுந்துகொண்டே இருப்பான். கொட்டகை நிறையப் பிள்ளைகள். யஹ்யா ராவுத்தர் சுவரோரமாகக் குனிந்து வந்தார். என் காதில் சொன்னார்: "அம்மா, ஒங்க வூட்லேருந்து ஆளு வந்திருக்கு. புள்ள மவுத்தாப் போச்சாம்மா. எந்திரிங்க."

நான் எழுந்திருக்கவில்லை, அண்ணி.

எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து அவர் மறுபடி சொன்னார். "இன்னும் ரெண்டு ரீலு இருக்கு ராவுத்தரே" என்று சொன்னேன். அவர் அங்கேயே நின்றார். தவுக்கேயும் வந்து, "சூடா, சூடா, பாலிக்லா" என்று என் தோளைத் தொட்டார், போதும், வீட்டுக்குப் போ என்று. யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. எல்லாரும் போகத்தான் சொன்னார்கள். நிறுத்தினால் அது நடந்ததாகிவிடும் என்று எனக்குப் பட்டது. வாசித்துக்கொண்டிருக்கும்வரை நடக்கவில்லை. தடியன் குளத்தில் விழுந்தான், பிள்ளைகள் சிரித்தார்கள், என் கை தன்பாட்டுக்கு எதையோ வாசித்தது. இரண்டு ரீலும் முடிந்து விளக்குப் போட்டார்கள். ஒரு நிமிஷம்கூடக் குறைக்கவில்லை.

அன்று கை வாசித்ததைத்தான் பிறகு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். உங்களுக்கு வந்திருப்பது அதுதான். அதற்குத்தான் கைதட்டினார்கள். அதைக் கட்டியவள் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு நடந்தே போனேன். ராசம்மா குளிப்பாட்டி முடித்திருந்தாள். நான் குளிப்பாட்டவில்லை. கிறிஸ்துமஸுக்கு எடுத்த வெள்ளைக் கவுனை உடுத்தியிருந்தாள். பொத்தான் மட்டும் நான் போட்டேன். ராசம்மா சொன்னாள்: "கடசியா கண்ணு முழிச்சு, அம்மா எங்கன்னு கேட்டுச்சும்மா. வாயாங் கொட்டாயில வாசிக்கிறாங்கன்னு சொன்னேன். சரின்னு மண்டைய ஆட்டிச்சு."

அண்ணன் கேட்டபோது நான் ஏன் உடனே ஒத்துக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்களுக்காக இல்லை. லாசருக்காகவும் இல்லை. அண்ணன் எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வாசிக்க இடம் கொடுத்தார், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் வரை என்றார், சரி என்றேன். அவர் பத்து வருஷம் என்று சொல்லியிருந்தாலும் எழுதிக்கொண்டே இருந்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பேன். உங்கள் பையனுக்குக் கட்டிக்கூடக் கொடுத்திருப்பேன்.

நீங்கள் என் கையால் எழுதச் சொன்னீர்கள். சம்மனசாகிவிட்டாள் என்று அண்ணனுக்கு எழுதினேன். சாமியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். கல்லறைக் கல்லிலும் அப்படித்தான் வெட்டியிருக்கிறது. அந்த இன்னொரு சொல்லை நான் இதுவரை வாயாலும் சொன்னதில்லை, எழுதியதும் இல்லை. இந்தப் பக்கத்தை நாலு தரம் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. கை நடுங்குகிறது, நீங்களே பார்க்கலாம், எழுத்துக் கோணலாகத்தான் இருக்கும்.

செசிலி செத்துப்போய்விட்டாள், அண்ணி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு. நான் வீட்டில் இல்லை.

அமலு